வாசலுக்கு எதிரே எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்?

சென்னையின் பழைய குடியிருப்புகளில், 1960களிலும் 70களிலும் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றுக்குள் போக இன்று படி இறங்க வேண்டியிருக்கிறது. கட்டிய காலத்தில் அவை தெருவைவிட இரண்டு மூன்று படி உயரமாகவே இருந்தன. இடையில் உயர்ந்தது தெரு. கணக்கு எளியது. ஒரு முறை தார் போட்டால் 4 செ.மீ. ஏறுகிறது என்றும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை போடுகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால் 30 ஆண்டுகளில் 24 செ.மீ. ஆகிவிடும். வீட்டுப் படி ஒன்றின் உயரம் வழக்கமாக 15 செ.மீ.; ஆக ஒன்றரைப் படிக்கு மேல் தெரு விழுங்கிவிடுகிறது. பள்ளம் நிரப்பக் கொட்டிய ஜல்லியும், மேடுபள்ளம் சரிசெய்யப் போட்ட அடுக்கும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வசதி உள்ளவர்கள் தரையை உயர்த்துகிறார்கள். கூரை தலையைத் தொடும் அளவுக்கு வந்த பிறகு அதுவும் முடிவதில்லை. வீட்டை அடித்தளத்தோடு ஜாக்கி வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கிக் கொடுப்பது நகரத்தில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. சாலை போடுவதற்கான பொதுப்பணம் ஒரு பக்கம் செலவாக, அந்தச் சாலையிடமிருந்து வீட்டைக் காப்பாற்றும் சொந்தப் பணம் மறுபக்கம் செலவாகிறது.

2021 மே மாதம் தமிழகத் தலைமைச் செயலாளர் துறைகளுக்கு எழுதிய கடிதம் இதைத்தான் தொட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கே புதிய அடுக்கைப் போட வேண்டும். வீடுகள் சாலைமட்டத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது அதன் சாரம். புதிய தொழில்நுட்பம் எதையும் அது கேட்கவில்லை. சுரண்டும் இயந்திரம் நெடுஞ்சாலைப் பணிகளில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உண்டு. சுரண்டிய தார்க்கலவையைத் திரும்பப் பயன்படுத்தும் முறைகளுக்கென்றே இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2015இல் ஐ.ஆர்.சி. 120 என்ற நெறிமுறையை வெளியிட்டிருந்தது. அறிவு இருந்தது, கருவி இருந்தது. ஆனாலும் வாசலுக்கு எதிரே உள்ள தெரு எந்த மட்டத்தில் முடிய வேண்டும் என்பதை ஓர் உத்தரவு போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. குடியிருப்புத் தெருவுக்கான தரவிதிகள் எங்கே நிற்கின்றன என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவதே சரி.

பெருநகர சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் பேருந்து ஓடும் சாலைகள் ஏறத்தாழ 387 கி.மீ.; உட்புறச் சாலைகள் ஏறத்தாழ 5,270 கி.மீ. நூற்றில் தொண்ணூறுக்கு மேல் வீட்டுத் தெருக்களே. குழந்தை சைக்கிள் பழகுவதும், காய்கறி வண்டி நிற்பதும், மார்கழியில் கோலம் விரிவதும், ஒரு வீட்டுச் சாவுக்குப் பந்தல் போடுவதும் இந்த 5,270 கி.மீட்டரில்தான். சாலைப் பொறியியலின் கவனமோ பெரும்பாலும் மற்றதன்மேல். 1934 டிசம்பரில் உருவான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் நூற்றுக்கு மேற்பட்ட நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் கணிசமானவை நெடுஞ்சாலைக்காக எழுதப்பட்டவை. நகரச் சாலைகளின் வடிவமைப்புக்கு ஐ.ஆர்.சி. 86, நடப்பவர்களுக்கான வசதிகளுக்கு ஐ.ஆர்.சி. 103, வேகத்தடைக்கு ஐ.ஆர்.சி. 99 எனச் சில உண்டு. இவை எவையும் தாமாகவே சட்டம் ஆகிவிடுவதில்லை. ஒப்பந்த ஆவணத்திலோ அரசாணையிலோ குறிப்பிட்டால்தான் ஒப்பந்ததாரரைக் கட்டுப்படுத்தும்.

அகலத்தைப் பாருங்கள். 1983இல் வந்த ஐ.ஆர்.சி. 86, நகரச் சாலைகளை நான்கு வகையாகப் பிரித்தது. அவற்றில் மிகச் சிறியதான உள்ளூர்த் தெருவுக்கு வேலிக்கு வேலி 10 முதல் 20 மீட்டர் அகலம் சொன்னது. இப்போது தமிழ்நாட்டின் எந்தப் புறநகர் மனை விளம்பரத்தையும் எடுத்துப் பாருங்கள்: '23 அடி ரோடு, 30 அடி ரோடு'. 23 அடி என்பது 7 மீட்டர். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகளிலேயே 23, 24 அடித் தெருக்கள் ஏராளம். ஒப்புதல் இல்லாமல் விற்கப்பட்டவற்றில் 16 அடி, 12 அடி என்று இன்னும் குறுகும். அதாவது, நம் மக்களில் பலர் வாழும் தெரு, அந்த 1983 நெறிமுறையின் மிகச் சிறிய வகைக்கும் கீழே இருக்கிறது. விதிநூலில் அதற்கு இடமே இல்லாததால், ஒவ்வொரு உதவிப் பொறியாளரும் பெரிய சாலைக்கான வெட்டுத்தோற்றத்தைச் சுருக்கி அதில் பொருத்தப் பார்க்கிறார்.

ஒப்புதல் இல்லாத மனைகளின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனைகள் கட்டணம் கட்டி முறையாகின. தெருக்கள் அதே அகலத்தில் நின்றன. வீடு கட்டிய பிறகு தெருவை அகலப்படுத்த யாராலும் முடியாது. தெருவின் தரம் தார் போடும் நாளில் தீர்மானிக்கப்படுவது போலத் தோன்றும். பெரும்பகுதி, நிலத்தை அளந்து கல் நட்ட அன்றே முடிந்துபோன விஷயம்.

அகலம் கூடினால் தரம் கூடும் என்று நினைப்பதும் பிழை. பழைய நகரங்கள் இதை வேறுவிதமாகக் கையாண்டன. மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என அடுக்கடுக்காக வீதிகள். தேர் வலம்வரும் மாசி வீதி தேர் திரும்பும் அளவுக்கு அகலம். அதிலிருந்து பிரியும் சந்துகள் ஆள் நடக்கவும் நிழல் விழவும் போதுமான அளவு. எந்த வீதி எதற்கு என்ற தெளிவு அகலத்திலேயே தெரிந்தது. பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914-15இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிவந்து எழுதிய அறிக்கைகளில் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதி பற்றி ஒரு முக்கியமான வாதம் உண்டு. நெருக்கமான தெருக்களை இடித்து, கோடு போட்டாற்போல் நேர்ச்சாலைகள் வெட்டும் திட்டத்தை அவர் எதிர்த்தார். காலி மனை இருக்கும் இடத்தில் கொஞ்சம் விரித்து, சிறு முற்றம் விட்டு, மரம் நட்டு, வீடுகளை இயன்றவரை காப்பாற்றினால் சுகாதாரமும் கிடைக்கும், செலவும் குறையும் என்று காட்டினார். நூறு ஆண்டுகள் கழித்தும் அந்த வாதம் பழசாகவில்லை.

அமெரிக்கா எதிர்த்திசையில் போய்ப் பார்த்துவிட்டது. 1930களில் வீட்டுக்கடனுக்கு அரசு காப்புறுதி அளிக்கத் தொடங்கியபோது, அந்தக் காப்புறுதி வேண்டுமென்றால் மனைப்பிரிவுத் தெரு இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று அதற்கான நிறுவனம் அளவுகள் வகுத்தது. 1960களில் போக்குவரத்துப் பொறியாளர்களின் பரிந்துரை 60 அடி வரை போனது. அகலமான, நேரான, நிழலற்ற தெருக்களில் வண்டிகள் வேகமெடுத்தன. கொலராடோ மாநிலத்தின் லாங்மாண்ட் நகரில் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளிவந்த ஆய்வு, 24 அடி அளவுக்குக் குறுகலான ஓடுபாதை உள்ள வீட்டுத் தெருக்களே பாதுகாப்பானவை என்றும், அகலம் கூடக்கூட விபத்து கூடுகிறது என்றும் கண்டது. நம் மனைப்பிரிவுகள் பற்றாக்குறையால் வந்து சேர்ந்த அளவுக்கு, அவர்கள் மிகையிலிருந்து திரும்பி வர வேண்டியிருந்தது. நம் 23 அடி ஒரு குறையாகவே இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. சரியாக வடிவமைத்தால் அதுவே பாதுகாப்பு.

இங்கே ஒரு சிக்கல். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, ஒரு மனையில் எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பது அதன் முன்னுள்ள சாலையின் அகலத்தோடு பிணைந்திருக்கிறது. எனவே காகிதத்தில் அகலம் காட்டுவதில் எல்லோருக்கும் ஆர்வம். அந்த அகலம் தரையில் எதற்குப் பயன்படுகிறது என்பதில் யாருக்கும் அத்தனை ஆர்வம் இல்லை. 30 அடித் தெருவில் இருபுறமும் வீட்டுக்காரர்கள் ஆளுக்கு மூன்று நான்கு அடி சாய்தளத்தை வெளியே இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதன் ஓரத்தில் கார். மீதி நடுவில் உள்ள பத்துப் பன்னிரண்டு அடியில் நடப்பவரும், பைக்கும், தண்ணீர் லாரியும். தெரு மட்டம் ஏற ஏறச் சாய்தளத்தின் சரிவு மாறுவதால் அவர்களும் அதை இன்னும் வெளியே இழுக்கிறார்கள். மட்டம் கெட்டதால் அகலமும் கெடுகிறது.

நடைபாதைக் கணக்குக்கு வருவோம். ஐ.ஆர்.சி. 103 கேட்பது: தடங்கல் எதுவும் இல்லாத 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர் காலியான உயரம், விளிம்புக்கல் 15 செ.மீட்டருக்கு மேல் போகக்கூடாது. சக்கர நாற்காலிக்கான சரிவு 12க்கு 1. நல்ல அளவுகள்தான். இரண்டு பேர் எதிரெதிரே இடிக்காமல் போகலாம். முதியவர் ஏறி இறங்கலாம். 9 மீட்டர் தெருவில் இருபுறமும் 1.8 விட்டால் நடுவில் 5.4 மீட்டர் மிஞ்சும். இரண்டு கார்கள் மெதுவாக விலகிப் போகப் போதும். 7 மீட்டர் தெருவில் இருபுறமும் விட்டால் 3.4 மிஞ்சும், இது ஒற்றைத் தடத்துக்கான 3.75 மீட்டருக்கும் குறைவு. அங்கே நடைபாதை என்ற பெயரில் இரண்டடித் திட்டு ஒன்றைக் கட்டி, அதன்மேல் மின்பெட்டியையும் மரத்தையும் நிறுத்திவிட்டால் யாரும் அதில் நடக்கப்போவதில்லை. நடக்கவும் முடியாது.

அத்தகைய தெருவுக்கு நெதர்லாந்து 1970களிலேயே ஒரு விடை வைத்திருந்தது. 1971இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். டெல்ஃப்ட் நகரில் தொடங்கிய ஒரு முறை 1976இல் சட்டமானது. நடைபாதை, ஓடுபாதை என்று பிரிக்காமல் தெரு முழுவதையும் ஒரே மட்டத்தில் கல் பாவி, மரமும் இருக்கையும் வைத்து, வண்டி வளைந்து வளைந்து ஆள் நடக்கும் வேகத்தில்தான் போக முடியும்படி செய்வது. அங்கே நடப்பவருக்கே முதல் உரிமை. வண்டி, விருந்தாளி போல வந்து போகலாம். நம் 23 அடித் தெருவில் மக்கள் ஏற்கெனவே நடுவில்தான் நடக்கிறார்கள், பிள்ளைகள் நடுவில்தான் விளையாடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைச் சட்டமும் வடிவமைப்பும் அங்கீகரித்தால் போதும். அதற்கு நம் விதிநூலில் ஒரு தனி வகை எழுதப்பட வேண்டும். இந்தக் கட்டுரையின் வற்புறுத்தல்களில் முதலாவது அதுதான்.

வேகம் இதன் மறுபாதி. 1983 நெறிமுறையே உள்ளூர்த் தெருவின் வடிவமைப்பு வேகத்தை மணிக்கு 30 கி.மீ. என்றது. அந்த எண்ணுக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியின் மோதல் ஆற்றல், 30இல் வரும் அதே வண்டியினுடையதைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுத்தால், 30இல் 8 மீட்டர் ஓடியிருக்கும். 50இல் 14 மீட்டர். இரண்டு வீட்டு வாசல்களுக்கு இடையே உள்ள தூரம் அவ்வளவுதான். 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு, ஆட்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30 கி.மீ. உச்சவரம்பு வேண்டும் என்று அறிவித்தது. தன் குடியிருப்புத் தெருக்களில் அந்த வரம்பைப் பரவலாகக் கொண்டுவந்த ஹெல்சிங்கி நகரில் 2019இல் நடந்துசென்ற ஒருவர்கூட விபத்தில் இறக்கவில்லை. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் நடந்துசென்றவர்கள் 32,825 பேர் சாலையில் இறந்தார்கள்.

நம் தெருவாசிகள் வேகத்துக்குத் தேடும் ஒரே மருந்து வேகத்தடை. விபத்து நடந்த மறுநாள் காலையில் அது முளைத்துவிடும். ஐ.ஆர்.சி. 99 சொல்லும் மேட்டுக்கு அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 செ.மீ.; 25 கி.மீ. வேகத்தில் வருபவர் குலுங்காமல் ஏறி இறங்கலாம். தெருவில் உண்மையில் இருப்பது ஓரடி அகலத்தில், அரையடி உயரத்தில், வண்ணமும் பலகையும் இல்லாத ஒரு முகடு. இரவில் பைக்கில் வருபவரை அது தூக்கி எறிகிறது. கர்ப்பிணியையும் முதுகுவலிக்காரரையும் ஆட்டோவில் வதைக்கிறது. மெதுவாக வருபவருக்கு வலியும், வேகமாக வரும் பெரிய காருக்கு ஒரு சிறு தட்டலும் தருவது வேகத்தடையாகாது. சந்திப்பில் முனையைக் கூர்மையாக வைத்தாலே வண்டி திரும்பும்போது தானாகக் குறையும். தெருமுனையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டினால் நுழையும்போதே இது வீட்டுத் தெரு என்று தெரியும். கட்டும்போதே செய்தால் இவற்றுக்குக் கூடுதல் செலவு மிகக் கொஞ்சம்.

இனி தண்ணீர். தமிழ்நாட்டில் தெருவடிவமைப்பின் உயிர்நாடி இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்பது நல்லது.

சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 140 செ.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அவ்வளவு வேண்டாம், 10 செ.மீ. மழை என்றே வைத்துக்கொள்வோம். 7 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தெருவில் அது 70,000 லிட்டர். கோடையில் அதே தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியைக் கணக்குக்கு எடுத்தால் கிட்டத்தட்ட ஆறு லோடு. மாடிகளிலிருந்து இறங்கும் நீர் தனி. இந்த ஆறு லோடும் எங்கே போக வேண்டும் என்பதை தெருவின் குறுக்குச் சரிவு சொல்ல வேண்டும். தார்ச்சாலைக்கு ஏறத்தாழ 2 சதவீதச் சரிவு என்பது நெறி. 6 மீட்டர் ஓடுபாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். மேற்பரப்பைச் சுரண்டாமல் மேலே மேலே போடும்போது முதலில் அழிவது இந்த 6 செ.மீட்டர்தான்.

வடிகாலின் மட்டமும் அப்படியே. மழைநீர் வடிகாலைக் கட்டுவது ஒரு பிரிவு, சாலை போடுவது இன்னொரு பிரிவு, ஒப்பந்தங்களும் வேறு வேறு. வடிகாலின் மேல்மூடி சாலையைவிட உயரமாக முடிந்தால், நீர் இறங்கும் துளைகள் சாலைக்கு மேலே தொங்குகின்றன. சாலை உயர்ந்தால் துளைகள் தாருக்குள் புதைகின்றன. வடிகால் இருக்கும், தண்ணீரும் நிற்கும். தார்ச்சாலைக்கு நின்ற நீரைவிடப் பெரிய எதிரி கிடையாது: ஜல்லிக்கும் தாருக்கும் இடையே ஈரம் புகுந்து ஒட்டைப் பிரிக்கிறது, சக்கரம் ஏறும்போது ஜல்லி உதிர்கிறது, ஒரு மழையில் குழி. குழிக்குக் காரணம் மோசமான தார் என்று ஊர் பேசும். பெரும்பாலும் காரணம் பத்தடி தள்ளி அடைபட்டுக் கிடக்கும் அந்தத் துளைதான்.

எல்லா மண்ணுக்கும் ஒரே வடிகால் என்பதும் சரியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் போன்ற பகுதிகள் மணற்பாங்கானவை. மழை விழுந்த வேகத்தில் உறிஞ்சப்பட்டு நிலத்தடி நன்னீராகச் சேரும், அதுதான் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கிறது. அங்கே ஜெர்மன் வங்கிக் கடனில் கான்கிரீட் வடிகால் கட்டும் திட்டம் வந்தபோது குடியிருப்பவர்களே எதிர்த்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். வேளச்சேரி போன்ற களிமண் பூமியில் தேவைப்படும் ஒன்றை மணலில் கட்டுவது நல்ல நீரைக் கடலுக்கு ஓட்டுவதாகும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் சரியானது. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. வீட்டுக்குள் விழும் மழையைச் சேமிக்கச் சொன்ன விதி, சுவரிலிருந்து சுவர்வரை சிமென்ட் பூசப்பட்ட தெருவில் விழும் மழையைப் பற்றியும் பேச வேண்டாமா?

மரத்தின் நிலையும் இதில் அடங்கும். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்டோ ஓடுகளோ இருக்கக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லி வழக்கொன்றில் உத்தரவிட்டது. நம் தெருக்களில் புங்கையும் தூங்குமூஞ்சியும் கழுத்துவரை கான்கிரீட்டில் நிற்கின்றன. அடுத்த புயலில் வேரோடு சாயும்போது மரத்தைக் குறை சொல்கிறோம்.

கட்டுமானம் என்று வரும்போது கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ள 3, 4 செ.மீ. கறுப்பு மட்டுமே. சாலையைத் தாங்குவது அதன் அடியில்: இறுக்கிய மண், அதன்மேல் கிராவல், அதன்மேல் அளவாகக் கலந்த ஜல்லியான வெட்மிக்ஸ், ஒவ்வொன்றும் ரோலர் ஓடி இறுகியபின் அடுத்தது. தார்க்கலவை ஆலையிலிருந்து ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் புறப்படுகிறது. 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். வீட்டுத் தெருவில் இது கடினம். லாரி உள்ளே வர முடியாமல் முனையில் நிற்கும், நிறுத்திய கார்களை எடுக்கச் சொல்லிக் கதவு தட்டுவார்கள், கலவை ஆறிக்கொண்டே இருக்கும். ஆறிய கலவை இறுகாது. முந்தைய நாளே வண்டிகளை அகற்ற அறிவிப்பதும், தெருமுனையில் ஒரு வெப்பமானி வைத்துப் பார்ப்பதும் பெரிய செலவில்லாத தரக்கட்டுப்பாடு.

நுங்கம்பாக்கத்தில் ஜம்புலிங்கம் தெரு என்று ஒன்று உண்டு. 2002இல் பிளாஸ்டிக் கழிவு கலந்த தாரில் போடப்பட்ட தொடக்ககாலத் தெருக்களில் ஒன்று. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது: சூடான ஜல்லியின்மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், பிறகு தார் சேரும். கல்லுக்கும் தாருக்கும் இடையே ஈரம் புக வழி குறைகிறது. 2013இல் ஐ.ஆர்.சி. இதற்கு நெறிமுறை வெளியிட்டது; 2018இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நெடுஞ்சாலையில் பிறந்து தெருவுக்கு இறங்கிவந்த விதிகளுக்கு நடுவே, வீட்டுத் தெருவில் சோதிக்கப்பட்டு நாட்டின் விதிநூலுக்கு ஏறிப்போன ஒன்று நம்மிடம் இருப்பது பெருமைக்குரியது.

சிற்றூர்களிலும் குறுகிய சந்துகளிலும் இப்போது சிமென்ட் சாலையே வழக்கம். தண்ணீருக்கு அஞ்சாது என்பது அதன் பலம். ஆனால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி நாள்கணக்கில் ஆற்ற வேண்டும். முழு வலிமைக்கு 28 நாள். மூன்றாம் நாளே பைக் ஏற்றிவிட்டால் மேல்தோல் தூளாக உரிகிறது. சில மீட்டருக்கு ஒரு முறை வெட்டுக்கோடு போடாவிட்டால் சாலை தானே தனக்கு விருப்பமான இடத்தில் வெடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, உயர்ந்த மட்டத்தில் ஒரு தடவை போட்டுவிட்டால் திருத்தவே முடியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

குறுகிய தெருவுக்குப் பேவர் பிளாக் கற்களே பொருத்தம் என்று இக்கட்டுரை கருதுகிறது. அடியில் இறுகிய ஜல்லி, மேலே மணல் படுக்கை, இரு ஓரத்திலும் கற்கள் நகராமல் பிடிக்கும் விளிம்பு ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் அவை பல ஆண்டு உழைக்கும். இடைவெளியில் சிமென்ட் ஊற்றிவிடாமல் மணலே நிரப்பினால் கொஞ்சம் நீரும் இறங்கும். குழாய் உடைந்தால் கற்களைப் பெயர்த்து, சரிசெய்து, அதே கற்களை அதே மட்டத்தில் திரும்ப அடுக்கலாம்.

அந்தக் கடைசி வசதி சிறியதல்ல. புதுச்சாலை போட்ட ஆறாவது மாதம் குடிநீர் இணைப்புக்கு ஒரு வெட்டு, மின்வாரியக் கேபிளுக்கு ஒன்று, இணையக் கம்பிக்கு ஒன்று. வெட்டிய பள்ளத்தை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பாமல் மண்ணைத் தள்ளி மூடுவதால் அடுத்த மழையில் அது உள்வாங்குகிறது. மழைக்காலத்தில் சாலை வெட்டுக்கு மாநகராட்சி ஆண்டுதோறும் தடை விதிப்பது இதனால்தான். பெங்களூர் தன் 'டெண்டர்ஷ்யூர்' சாலைகளில் வேறு வழியை எடுத்தது: குழாய்களையும் கம்பிகளையும் நடைபாதைக்கு அடியில் தனித்தனித் தடத்தில் வைத்து, இடையிடையே திறந்து பார்க்கும் அறைகள் விட்டு, ஒரே ஒப்பந்தத்தில் சாலை முழுவதையும் முடிப்பது. செயின்ட் மார்க்ஸ் சாலை, ரெசிடென்சி சாலை போன்றவை அப்படி உருவானவை. செலவு கூடுதல் என்ற விமர்சனம் எழுந்தது. வணிகச் சாலைகளுக்கு வகுத்ததை அப்படியே வீட்டுத் தெருவுக்குக் கொண்டுவர முடியாதுதான். ஆனால் நிலத்தடியில் எது எங்கே போகிறது என்ற வரைபடம் ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளச் செலவு அதிகமில்லை.

சென்னைக்கு நல்ல கொள்கைகள் குறைவில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை 2014இல் ஏற்று, போக்குவரத்துச் செலவில் பெரும்பங்கை நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவோம் என்றது மாநகராட்சி. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைவளாகம் அதன் முகம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதைகளைப் பயன்படுத்தும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. அந்த வழக்கை 2012இல் தொடுத்தவர் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். இவையெல்லாம் கடைவீதியிலிருந்து நடந்து வீட்டுத் தெருவுக்குள் நுழைய இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

அதற்கான கதவு ஒன்று திறந்திருக்கிறது. 2022இல் வந்த விதிகளின்படி தமிழ்நாட்டின் நகரப் பகுதிகளில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைக்கப்பட்டுள்ளன. தெருவில் சாலை போடப்போகிறார்கள் என்றால், வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டுத் தாளை அங்கே கேட்கலாம். அதில் நீளம், அகலம், கனம், தொகை இருக்கும். பெரும்பாலும் இல்லாத ஒரு வரி, சாலை எந்த மட்டத்தில் முடியும் என்பது. ஒவ்வொரு தெருவின் இரு முனையிலும் பொதுச் சுவரிலோ மின்கம்பத்திலோ நிரந்தரமாக ஒரு மட்டக்குறி பொறித்து, 'முடிவு மட்டம் இக்குறிக்கு இத்தனை செ.மீ. கீழே' என்று ஒப்பந்தத்தில் எழுதி, பில் பாஸாகும் முன் அளவையாளர் அளந்து கையெழுத்திட வேண்டும் என்று வைத்தால், மேன்ஹோல் மூடி, வடிகால் துளை, வாசற்படி மூன்றும் அந்த ஒரே எண்ணோடு ஒத்துப்போக வேண்டியிருக்கும். ஒப்பந்ததாரர் சுரண்டினாரா இல்லையா என்ற தகராறுக்கு அளவுகோல் பதில் சொல்லும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 2021 கடிதத்தின் நோக்கத்தை ஒப்பந்த ஆவணத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க மாநகராட்சிப் பொறியாளர்களுக்கு இன்றே அதிகாரம் இருக்கிறது.